‘ஏன் கத்தவில்லை?’ என்று நானும் கேட்டிருக்கிறேன்

போன இதழில் ஒரு வாசகி ஒரே வரியில் கேட்டிருந்தார்: “காலேஜில் எனக்கு ஒன்று நடந்துவிட்டது, யாரிடம் சொல்வது?” நானும் ஒரே வரியில், “நீ நம்புகிற ஒரு ஆளிடம் முதலில் சொல்” என்று பதில் போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை பகுதி முழுக்க. யார் பெயரும் ஊரும் போடவில்லை. அடையாளம் தெரிந்துவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி: இருபத்தெட்டு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். அதில் பதினோரு வருடம் கல்லூரியின் பாலியல் புகார்க் குழுவில் இருந்தேன். வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை.

ப்ராஜெக்டுக்கு உதவிய சீனியர் அவன். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். லேபில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது அத்துமீறினான். நான் தள்ளவில்லை, கத்தவில்லை, மரம் மாதிரி நின்றேன். “நீ சும்மாதானே நின்னே, அப்போ சம்மதம்தானே” என்று இப்போது மெசேஜ் அனுப்புகிறான். ஹாஸ்டலில் தோழியிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, “நீ ஏன் கத்தலை?” என்னிடம் பதில் இல்லை. எனக்கு நடந்ததற்கு என்ன பெயர் அம்மா?
– இறுதியாண்டு மாணவி

பாலியல் வன்முறை என்று பெயர். அதில் சந்தேகம் வேண்டாம்.

உன் தோழி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கேட்டதை நானும் கேட்டிருக்கிறேன். குழுவில் சேர்ந்த முதல் வருடம் அது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் நாங்கள் ஐந்து பேர், இந்தப் பக்கம் அவள் ஒருத்தி. நான்கு பக்கம் புகார் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நான் முதல் பக்கத்தைக்கூட முடிக்காமல், “பக்கத்து ரூமில் ஆள் இருந்திருக்காங்களே, ஏன்மா கத்தலை?” என்றேன். கெட்ட எண்ணம் கிடையாது. அறிக்கையில் அந்த இடத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் மேசையையே பார்த்தாள். அப்புறம், “அந்தப் பேப்பரைத் திருப்பித் தரீங்களா மேடம்?” என்றாள். வாங்கிக்கொண்டு போனவள் அந்த செமஸ்டர் முடிவதற்குள் கல்லூரியை விட்டே போய்விட்டாள். ‘புகார்தாரர் புகாரைத் திரும்பப் பெற்றார்’ என்று என் கையெழுத்தில்தான் பதிவேட்டில் எழுதினேன்.

அவளுக்குத் தெரியாத பதில் உண்மையில் இருக்கிறது. ஆபத்து வந்தால் ஓடு அல்லது சண்டை போடு என்று உடல் சொல்லும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்று மூளை கணக்குப் போட்ட அந்த நொடியில் உடல் பூட்டிக்கொள்ளும். கை கால் அசையாது, குரல் வராது. நாம் எடுக்கிற முடிவு இல்லை இது. விலங்குகளிடமும் உண்டு. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்கு ஆளான பெண்களுக்கென்றே ஒரு அவசர சிகிச்சை மையம் இருக்கிறது. அங்கே வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. நூற்றுக்கு எழுபது பேருக்கு இந்த உறைநிலை குறிப்பிடத்தக்க அளவில் இருந்தது. 48 பேருக்கு மிகக் கடுமையாக. அப்படியென்றால் கத்தியவர்கள்தான் விதிவிலக்கு. இன்னொன்றும் அதில் தெரிந்தது: உறைந்துபோனவர்களுக்குத்தான் ஆறு மாதம் கழித்தும் மனச்சோர்வும் அதிர்ச்சியின் பாதிப்பும் அதிகம். ‘ஏன் நான் ஒன்றும் செய்யவில்லை’ என்று தன்னைத் தானே குடைந்துகொள்வதற்கும் அதில் பங்கு இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சட்டமும் உன் பக்கம் இருக்கிறது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தை வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்று இந்தியாவில் 2013-இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 2024-இல் வந்த புதிய குற்றச் சட்டத்திலும் அது அப்படியே தொடர்கிறது. ஸ்வீடனில் 2018 ஜூலையிலிருந்து, பலவந்தம் இருந்ததா என்பதை விட, அந்த ஆள் விரும்பிப் பங்கெடுத்தாரா என்பதே கேள்வி.

இப்போது வேலை. அந்த மெசேஜை அழிக்காதே. ‘சும்மாதானே நின்னே’ என்று எழுதியதன் மூலம், அந்த நேரத்தில் அங்கே இருந்ததையும், நீ எதிலும் பங்கெடுக்கவில்லை என்பதையும் அவனே எழுதிக்கொடுத்திருக்கிறான். தேதியும் எண்ணும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உன் போன் தவிர இன்னொரு இடத்திலும் வை. நடந்ததை உனக்கு ஞாபகம் வருகிற வரிசையிலேயே எழுது. முன்பின்னாக வந்தாலும் பரவாயில்லை. எழுதிய தேதியைப் போடு. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.

தோழியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. அவள் ஒருவேளை மன்னிப்புக் கேட்பாள். நான் கேட்க வேண்டிய பெண் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

நேற்று ராத்திரி என் ரூம்மேட் அழுதுகொண்டே வந்து சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.
– இரண்டாமாண்டு மாணவி

உனக்கு அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். இங்கே போடுவது, இதே நிலையில் நாளைக்கு நிற்கப்போகும் வேறொருத்திக்காக.

முதலில், நீ அவளிடம் என்ன சொல்கிறாய் என்பது முக்கியம். சிகாகோவில் சாரா உல்மன் என்ற ஆய்வாளர் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்திருக்கிறார். சொல்லக் கேட்டவர் பழிபோட்டால், அலட்சியம் செய்தால், அல்லது ‘இனி நான் பார்த்துக்கிறேன்’ என்று எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டால், பாதிக்கப்பட்டவரின் மன உளைச்சல் கூடுகிறது. மூன்றாவதைக் கவனி. நல்லவர்கள் செய்கிற தப்பு அது. “நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பில்லை. இப்போ என்ன வேணும்?” இவ்வளவு போதும். விவரம் கேட்காதே. அவளாகச் சொன்னால் கேள்.

அப்புறம் நேரம். மற்ற முடிவுகள் எல்லாம் காத்திருக்கும், உடம்பு காத்திருக்காது. கருத்தடை அவசர மாத்திரையில் பரவலாகக் கிடைக்கிற வகை 72 மணி நேரத்துக்குள் வேலை செய்யும். சீக்கிரம் போட்டால் பலன் அதிகம். ஐந்து நாள் வரை வேலை செய்கிற இன்னொரு வகையும் உண்டு. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணிக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். குடிக்கும் பொருளில் ஏதாவது கலந்திருப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தால் இன்னும் அவசரம். சில மருந்துகள் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் சிறுநீரில் இருந்து மறைந்துவிடும். அதனால் முதல் சிறுநீர் மாதிரி முக்கியம்.

தடயங்களை மூன்று நாள் வரை, பல இடங்களில் ஐந்து நாள் வரைகூட எடுக்கிறார்கள். குளிக்காமல், உடை மாற்றாமல் போனால் நல்லது. ஏற்கெனவே குளித்துவிட்டாள் என்றால் ‘எல்லாம் போச்சு’ என்று உட்கார வேண்டாம், போகலாம். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் பேப்பர் பையில் வை. பிளாஸ்டிக் கவரில் ஈரம் தேங்கித் தடயம் கெட்டுப்போகும்.

மருத்துவமனைக்குப் போகப் போலீஸ் புகார் முன்கூட்டியே தேவையில்லை. இந்தியாவில் அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாக உடனே முதல் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இதைப் போகும் முன்பே அவளிடம் சொல்லிவிடு. அங்கே போய்த் தெரிந்தால் உன்னையும் நம்ப மாட்டாள். ‘இரண்டு விரல் பரிசோதனை’ (பெண்ணுறுப்பில் விரல் விட்டு, உறவுப் பழக்கம் உண்டா என்று பார்க்கும் பழைய முறை) என்று யாராவது ஆரம்பித்தால் மறுக்கலாம். உச்ச நீதிமன்றம் 2013-இல் கண்டித்து, 2022-இல் அதைச் செய்கிற டாக்டரின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டிய தவறு என்றே சொல்லிவிட்டது.

சத்தியம் விஷயம். காப்பாற்று. இரண்டு இடத்தில் மட்டும் மீறலாம்: அவள் தன்னையே முடித்துக்கொள்வது போலப் பேசினால், அல்லது அவளுக்கு இன்னும் 18 நிறையவில்லை என்றால். முதலாண்டில் பதினேழு வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இந்தியாவில் 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த யாரும் போலீசிடம் சொல்லியே ஆக வேண்டும். அப்போதும் அவளிடம் சொல்லிவிட்டுச் செய்.

நீயும் தூங்கவில்லை என்று எழுதியிருந்தாய். கவுன்சலரிடம் அவளுடைய பெயரைச் சொல்லாமல் உன் பாரத்தை மட்டும் இறக்கி வைக்கலாம்.

மகளுக்குப் பெப்பர் ஸ்பிரே வாங்கிக்கொடுத்திருக்கிறேன். மாலை ஆறு மணிக்குள் ஹாஸ்டலுக்குள் வந்து போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முள் மேல் சேலை விழுந்தாலும் சேலை மேல் முள் விழுந்தாலும் சேலைக்குத்தானே சேதம்? வேறென்ன செய்யலாம்?
– ஒரு தந்தை

அந்தப் பழமொழியை முதலில் கீழே வையுங்கள். சேலைக்கு மட்டும் அறிவுரை சொல்கிறதே தவிர, முள்ளை வெட்டுவது யார் வேலை என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஸ்பிரே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது இருட்டில் வரும் அந்நியனுக்கானது. மேரி காஸ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் 32 கல்வி நிறுவனங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவிகளிடம் கேட்டு 1987-இல் வெளியிட்டது இந்தத் துறையின் முதல் பெரிய ஆய்வு. பாதிக்கப்பட்ட பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த ஆள் முன்பே தெரிந்தவன். வகுப்புத் தோழன், சீனியர், காதலன். எங்கள் குழுவுக்குப் பதினோரு வருடத்தில் வந்த புகார்களில் முகம் தெரியாதவன் மீது வந்தது இரண்டு. நேரமும் பெரும்பாலும் பட்டப்பகல். தெரிந்தவன் முகத்தில் ஸ்பிரே அடிக்க யாருக்கும் கை வராது, ‘மரியாதை இல்லாமல் நடந்துகொள்கிறோமோ’ என்று தோன்றும். அந்தத் தயக்கத்தைத்தான் உடைக்கப் பழக்க வேண்டும்.

பழக்க முடியும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரை வைத்து சார்லின் சென் என்ற பேராசிரியை நடத்திய சோதனை 2015-இல் வெளிவந்தது. ஒரு பாதிக்குத் துண்டுப் பிரசுரம் மட்டும், இன்னொரு பாதிக்கு மொத்தம் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி. தெரிந்தவர் நடத்தையில் எது அபாய அறிகுறி, மனதுக்குச் சரியில்லை என்று பட்டதும் எப்படிக் கிளம்புவது, எப்படிக் கடுமையாகப் பேசுவது, தேவைப்பட்டால் எப்படி அடிப்பது, எல்லாவற்றுக்கும் முன்னால் தனக்கு எது விருப்பம் என்று தனக்கே தெளிவாவது எப்படி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பிரசுரம் வாங்கியவர்களில் 9.8 சதவீதம் பேர் வன்புணர்வுக்கு ஆளாகியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம். ஏறக்குறைய பாதி. இவ்வளவு தெளிவான பலன் இந்தத் துறையில் அபூர்வம். அப்படியும் 5.2 மிச்சம் இருக்கிறது பாருங்கள். அது அந்தப் பெண்கள் குறைக்கக்கூடியது இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, காசு செலவில்லாதது. பிள்ளைகள் வீட்டில் சொல்லாததற்கு என்னிடம் சொன்ன காரணங்களில் முதலாவது அவமானம் இல்லை. “அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திடுவாங்க மேடம்.” இதை நான் கேட்ட தடவைகளுக்குக் கணக்கில்லை. அடுத்த முறை போனில் பேசும்போது சொல்லிவிடுங்கள்: “உனக்கு என்ன நடந்தாலும், தப்பு யார் மேல இருந்தாலும், உன் படிப்பை நான் நிறுத்த மாட்டேன்.” ஆறு மணி போட்டோவை விட இது உதவும். சொல்லிவிட்டால் காப்பாற்றவும் வேண்டும்.

ஹாஸ்டல் நண்பர்கள் கூடிக் கொண்டாடிய இடத்தில், நிற்கவே முடியாத நிலையில் இருந்த ஒரு பெண்ணை எங்கள் பேட்ச் பையன் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். பதினைந்து பேர் இருந்தோம். யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. அதிலிருந்து நிம்மதி இல்லை.
– மூன்றாமாண்டு மாணவன்

தம்பி, பதினைந்து பேர் இருந்ததால்தான் யாரும் கேட்கவில்லை.

1968-இல் டார்லி, லடானே என்ற இருவர் நியூயார்க்கில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கும்போது மறுமுனையில் ஒருவருக்கு வலிப்பு வருவது போலக் கேட்கும். தான் மட்டுமே கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், வலிப்பு ஓய்வதற்குள் எழுந்து உதவிக்குப் போனார்கள். தன்னோடு இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த முறைக்குச் சில வழி. அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று அவசியமில்லை. “டேய், உன்னைக் கீழே கூப்பிடறாங்க” என்று பொய் சொல்லலாம். அந்தப் பெண்ணின் தோழி ஒருத்தியைத் தேடிப் பிடித்து அனுப்பலாம். பக்கத்தில் நிற்கிறவனைப் பெயர் சொல்லி, “நீ வா, ரெண்டு பேரும் போலாம்” என்றால் போதும், கூட்டம் உடையும். பொதுவாக “யாராவது வாங்கடா” என்றால் யாரும் வர மாட்டார்கள். நிற்க முடியாத நிலையில் இருப்பவர் ‘சரி’ என்று சொன்னாலும் அது சம்மதம் ஆகாது. அவள் குடித்தது குற்றமா என்று ஆராய்வதற்கு அது நேரமும் இல்லை.

நடந்து முடிந்ததற்கு: அவளிடம் போய் உன் குற்ற உணர்ச்சியை இறக்கி வைக்காதே. உனக்கு ஆறுதல் சொல்லும் வேலையும் அவள் தலையில் விழும். நீ பார்த்ததை, மணி என்ன, யார் யார் இருந்தார்கள் என்று தேதி போட்டு எழுதி வை. அவள் புகார் கொடுத்தால் சாட்சி சொல்ல முன்வா. பதினைந்து பேரில் ஒருவன் வந்தால்கூட வழக்கின் கனமே மாறும்.

எங்கள் கல்லூரியில் என்னைப் புகார்க் குழுவுக்குத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். ‘பெரிசா ஒண்ணும் வராது’ என்று முதல்வர் சொன்னார். எங்கிருந்து தொடங்குவது?
– இணைப் பேராசிரியை

பெரிதாக ஒன்றும் வராது என்று சொல்லும் இடத்தில்தான் வருவதற்கு வழியே இல்லாமல் வைத்திருப்பார்கள். எங்கள் புகார்ப் பெட்டி முதல்வர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே மாட்டியிருந்தது. மூன்று வருடத்தில் அதில் விழுந்தது பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி இரண்டு கடிதம், ஒரு பழைய ஹால் டிக்கெட். பெட்டியைப் பெண்கள் கழிவறைப் பக்கம் மாற்றி, குழுவினரின் தனி போன் எண்ணையும் ஒட்டிய பிறகுதான் நிஜமான புகார் வந்தது. புகார் கூடியதும், ‘கல்லூரி கெட்டுப்போச்சு’ என்றார்கள். அப்போதுதான் உருப்பட ஆரம்பித்தது.

முதலில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகளை முழுதாகப் படியுங்கள். முப்பது நிமிட வேலை. குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர், மாணவர் சம்பந்தப்பட்ட புகாரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவப் பிரதிநிதிகள் வேண்டும். பதிவாளர், டீன் மாதிரி உயர் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. உங்கள் முதல்வர் ‘நானும் உட்காரறேன்’ என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் வர வேண்டும். காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணைக்கு 90 நாள். வன்புணர்வு போன்ற குற்றங்களில் குழு விசாரணை என்பது போலீசுக்குப் பதில் கிடையாது. அவள் விரும்பினால் போலீசுக்குப் போக உதவுவது உங்கள் கடமை. எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். போடலாம்.

விதியில் இல்லாதது கொஞ்சம் சொல்கிறேன். நீள மேசையை எடுத்துவிடுங்கள். காத்திருக்கும் இடத்தை இரண்டாகப் பிரியுங்கள். எங்கள் பழைய ஏற்பாட்டில் புகார் கொடுத்தவளும் அவனும் எதிரெதிர் நாற்காலியில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருக்கிறார்கள், நினைத்தால் இன்னும் கூசுகிறது. நடந்ததை அவள் ஒரே முறை சொன்னால் போதும்படி எழுதிக்கொள்ளுங்கள். ‘முதலில் இருந்து வரிசையாகச் சொல்லு’ என்பதை விட ‘உனக்கு எது ஞாபகம் இருக்கோ அதைச் சொல்லு’ என்று கேளுங்கள். அறைக்கதவின் நிறம் ஞாபகம் இருக்கும், மணி ஞாபகம் இருக்காது. அது பொய்க்கு அடையாளம் இல்லை. ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி ஒன்றுகூட வேண்டாம். நான் பட்டு அறிந்தது.

முதல் நாளே கேட்க வேண்டியது இன்னொன்று: அவன் இருக்கும் வகுப்பு, அவன் மார்க் போடும் பேப்பர், அவன் கைடாக இருக்கும் ஆய்வு. மாற்றுவதானால் அவனுடையதை மாற்றுங்கள். நாங்கள் பல வருடம் அவளைத்தான் வேறு செக்‌ஷனுக்கு, வேறு ஹாஸ்டல் பிளாக்குக்கு மாற்றினோம். ‘பாதுகாப்புக்கு’ என்று பெயர். எல்லோரும் அவளைப் பார்த்துத்தான் கிசுகிசுத்தார்கள். இப்படி நம்பி வந்தவரை நிறுவனமே கைவிடுவதற்கு ‘நிறுவனத் துரோகம்’ என்று ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற உளவியலாளர் பெயர் வைத்திருக்கிறார். கார்லி ஸ்மித்தோடு சேர்ந்து 2013-இல் அவர் செய்த ஆய்வில், அப்படிக் கைவிடப்பட்ட மாணவிகளின் மனப் பாதிப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று தெரிந்தது.

குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் புகாரின் நகலைக் கொடுங்கள், பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள், அவன் சாட்சிகளையும் கேளுங்கள். முறை தவறினால் மேல்முறையீட்டில் எல்லாம் உடைந்து, அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

வருடா வருடம் அரங்கத்தில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு மணி நேர விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறோம். பலன் இருக்கிறதா?
– மாணவர் மன்றப் பொறுப்பாளர்

போட்டோ எடுக்க உதவும். அமெரிக்காவில் 2014-இல் 140 தடுப்புத் திட்ட மதிப்பீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு அமர்வில் பேசி முடிக்கிற கூட்டங்கள் யார் நடத்தையையும் மாற்றியதாகத் தெரியவில்லை.

அதில் தேறிய ஒன்று எனக்குப் பிடித்தது. நியூயார்க் பள்ளிகளில் பிள்ளைகளிடம் கட்டடத்தின் வரைபடத்தைக் கொடுத்து, எங்கே பயமாக இருக்கிறது என்று குறிக்கச் சொன்னார்கள். அந்த இடங்களில் ஆசிரியர்கள் நிற்க ஆரம்பித்தார்கள். வகுப்பெடுத்ததை விட இது வேலை செய்தது. நாங்களும் செய்தோம். நூற்றுப் பத்துப் பேர் சிவப்புப் புள்ளி வைத்தார்கள். பின்பக்க கேட்டில் குவியும் என்று நினைத்தோம். குவிந்தது, மாலை நாலு மணிக்கு மேல் இருண்டுவிடும் ரெக்கார்ட் ரூம் நடையிலும், எங்கள் துறையிலேயே ஒரு ஆசிரியரின் அறை வாசலிலும். லேப் கதவுகள் எல்லாவற்றுக்கும் கண்ணாடி போட்டோம். அந்த ஆசிரியர் அறைக்கு என்ன செய்வது என்பதில் இரண்டு வருடம் போனது. ஏனென்று நீங்களே ஊகிக்கலாம்.

முதலாண்டு தொடங்கி முதல் சில மாதங்கள்தான் அதிக ஆபத்து. உங்கள் கூட்டம் பிப்ரவரியில் நடக்கிறதென்றால் தேதியையாவது மாற்றுங்கள்.

பொய்ப் புகார் கொடுத்து ஒருவன் வாழ்க்கையைக் கெடுத்தால்?
– வாசகர்

நடக்கும். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பத்து வருடத்தில் வந்த 136 புகார்களை 2010-இல் ஆராய்ந்ததில் 8 பொய் என்று தெரிந்தது. நூற்றுக்கு ஆறு. அந்த ஆறுக்காகத்தான் முறையான விசாரணை இருக்கிறது. மீதி தொண்ணூற்று நான்கு பேரையும் அந்த ஆறை வைத்து வரவேற்காமல் இருந்தால் சரி. நிரூபிக்க முடியாத புகார் வேறு, பொய்ப் புகார் வேறு என்பதை இந்தியச் சட்டமே பிரித்துச் சொல்கிறது.

நான் ஆண். ராகிங் என்ற பெயரில் சீனியர்கள் செய்ததை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?
– முதலாண்டு மாணவன்

பொருந்தும் தம்பி. உறைந்து போவதும், தூக்கம் போவதும், மருந்துக்கான அந்த 72 மணி நேரமும் ஆண் பெண் பார்ப்பதில்லை. 2019-இல் அமெரிக்காவில் 33 பல்கலைக்கழகங்களில் எடுத்த கணக்கில், இளநிலை மாணவிகளில் நால்வரில் ஒருவருக்கும், மாணவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்கும் சம்மதமில்லாத பாலியல் அத்துமீறல் நடந்திருந்தது. இந்தியாவில் வன்புணர்வுச் சட்டம் பெண்ணை மட்டும்தான் பாதிக்கப்பட்டவராகப் பார்க்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் மேலே சொன்ன 2015 விதிமுறைகள் ஆண் மாணவர்களும் திருநர்களும் பாதிக்கப்படலாம் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. ராகிங்குக்குத் தனியாக 2009 விதிகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் குறிப்பிட்டுப் புகார் எழுது. சிரிக்கிறவர்களின் பட்டியலையும் வைத்துக்கொள். சாட்சிப் பட்டியல் பாதி அங்கேயே இருக்கும்.

என் நெருங்கிய நண்பன் மேல் புகார் வந்திருக்கிறது. பள்ளியிலிருந்து கூடப் படித்தவன். அப்படிச் செய்யக்கூடியவன் இல்லை என்று என் மனசு சொல்கிறது. நட்பை முறிப்பதா?
– இறுதியாண்டு மாணவன்

உன் கடிதத்தைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன்.

உன்னிடம் நல்லவனாக இருந்ததும், அவளிடம் அவன் செய்ததும், இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும். எங்கள் முன்னால் உட்கார்ந்த பையன்களில் முரடனாகத் தெரிந்தவர்கள் குறைவு. ரத்த தான முகாம் நடத்தியவன் இருந்தான். அதனால் உன் மனசு சொல்வது சாட்சியம் ஆகாது. நட்பை முறிக்கச் சொல்லவும் மாட்டேன். விசாரணை முடியும்வரை அவனுக்கும் யாராவது வேண்டும். அவன் தன்னை ஏதாவது செய்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். ஒழுங்காக விசாரணைக்குப் போகச் சொல், உண்மையைச் சொல்லச் சொல்.

ஆனால் அவனுக்காக வேலை செய்யாதே. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அவனுக்கு ஆதரவாக எழுதாதே. அவளுடைய பழைய போட்டோ சுற்றி வந்தால் உன்னோடு நிற்கட்டும். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியே விடுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும். “ஒரே ஒரு தடவை அவகிட்ட பேசி சமாதானம் பண்ணு மச்சான்” என்று அவன் உன்னைத் தூது அனுப்புவான். அனேகமாக இந்நேரம் கேட்டிருப்பான். போகாதே. அவள் எந்த பஸ்ஸில் வருகிறாள், எந்த லேபில் எப்போது இருப்பாள் என்று கேட்டால், தெரிந்தாலும் தெரியாது என்று சொல்.